தடித்த எழுத்து

உலாவியைத்தான் முதலில் மாற்றினேன்.
பழையது திறக்கும்போதெல்லாம்
‘மீண்டும் வருக, குணாளன்’ என்றது.
குணாளன் செங்காங்கில் அறை எடுத்துப் போய்
நாலு மாதமாகிறது.

ஈசூன், பதினோராம் மாடி, இரவு பதினொன்றரை.
சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி,
பக்கத்தில் ஆறிப்போன மைலோ.
புது உலாவி வெள்ளையாகத் திறந்தது.
யார் நீ என்று கேட்கவில்லை.
அதற்கே கொஞ்சம் அழுதிருக்கலாம்.
விளம்பரத் தடுப்பானைப் போட்டேன்.
முகப்பிலிருந்த வானிலையை அணைத்தேன்,
இந்த ஊரில் என்ன பெரிய வானிலை,
வெயில், பிறகு மழை.
எனக்குப் பிடிக்கும் என்று யாரோ முடிவுகட்டிய
செருப்புகளையும் அணைத்தேன்.

உள் அமைப்புகளுக்குப் போகும் வழியில்
மஞ்சள் முக்கோணம் ஒன்று மறித்தது:
‘இங்கே கைவைப்பது ஆபத்து. கவனமாகத் தொடரவும்.’
முப்பத்தொன்பது வயதில்
முன்கூட்டியே வந்த முதல் எச்சரிக்கை.
தொடர்ந்தேன்.

எழுத்துரு சரியில்லை.
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் புள்ளிகளாலான வட்டம்.
எழுத்து வரவேண்டிய இடமாம் அது.
மூன்று மாற்றிப் பார்த்து
நாலாவதில் ‘கொ’ ஒன்றுசேர்ந்தது.
அளவைப் பதினெட்டாக்கினேன்,
கண்ணாடி இல்லாமல் படிக்க.

பிறகு அஞ்சல் நிரலி.
முகவரி: குணமாது.
திருமணம் பதிவான வாரம்
அவன் பெயரில் முன்பாதி, மாதங்கியில் முன்பாதி
வெட்டி ஒட்டியது.
வீவக கடிதமும் திருச்சி டிக்கெட்டும்
பதினான்கு வருடமாக இந்த ஒரு வாசலில்தான் வந்து விழுந்தன.
கேகே மருத்துவமனையின் நினைவூட்டல் மட்டும் பதினொன்று:
‘கால் மணி நேரம் முன்னதாக வரவும்.’
முன்னதாகத்தான் போனோம்.

கடவுச்சொல்லை அவன் மாற்றியிருப்பான் என்று நினைத்தேன்.
மாற்றவில்லை.
நானும்.

அலுவலகத்தில் ஷாஹிரா சொல்லியிருந்தாள்:
‘ஐமேப் வேண்டாம், பாப் போடு லா.
எல்லாவற்றையும் உன் கணினிக்கு இறக்கு.
சர்வரில் நகல் வைக்காதே.
காலிப் பெட்டியை அவனுக்கு விட்டுவிடு.’
கணினிப் பிரிவில் அவளுக்குப் பதினோரு வருடம்,
விவாகரத்தில் இரண்டு.
எதிலும் அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நிரலியோ நான் சொல்வதற்குள்
ஐமேப்பைத் தானே எடுத்துக்கொண்டது.
ஐமேப் என்றால் பெட்டி அங்கேயே இருக்கும்,
நாம்தான் போய் எட்டிப் பார்ப்போம்.
சரி, ஒரு தடவை பார்த்துவிட்டு மாற்றலாம்.
வரி வரியாக இறங்கின.
படிக்காதவை தடித்த எழுத்தில்:
நகர மன்றம். பல் மருத்துவர்.
மே மாத மின்கட்டணம், இந்த வீட்டுக்கு.

மௌஸை நான் தொடவேயில்லை.
மின்கட்டண வரி
மெலிந்தது.

யாரோ திறந்திருக்கிறார்கள்.
யாரோ என்ன யாரோ.
தூக்கம் வராவிட்டால் பில் பார்க்கிறவனை
எனக்குத் தெரியாதா.
கீழே ரயில் ஒன்று நிலையத்துக்குள் இழுபட்டு நின்றது.
மின்விசிறியைக் குறைத்தேன்,
செங்காங்குக்குக் கேட்டுவிடும் போல.

அரை நிமிடம் இருக்கும்.
அதே வரி மறுபடி தடித்தது.

படித்ததைப் படிக்காததாக்கி
வைத்துவிட்டுப் போகிறான்.
இது அவள் பார்க்க வேண்டியது என்று.

நாளைக்கு ஷாஹிரா கேட்பாள்.
அமைப்புகளைத் திறந்தேன்.
‘கணக்கை நீக்கு’ சிவப்பில் இருந்தது.
அதற்கு இரண்டு வரி மேலே:
‘புதிய அஞ்சல் உண்டா எனப் பார்,
பத்து நிமிடத்துக்கு ஒரு முறை.’
பத்தை அழித்து
ஒன்று என்று போட்டேன்.
பிறகு வெட்கமாகி,
ஐந்து.